நிலம் கற்பிக்கும் பாடம்

வீட்டுத் தோட்டம் தரும் இன்பம் எங்கும் ஒன்றே. அது கேட்கும் உழைப்போ ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். பனி உருகி வரும் நீரே பயிருக்கு ஆதாரம். குளிர்காலத்தில் நிலம் உறைந்துவிடும். எனவே அங்குள்ளோர் பள்ளம் தோண்டி, மேலே பாலித்தீன் விரிப்பிட்டு, பகலின் வெப்பத்தை உள்ளே காத்துக் கீரை வளர்க்கின்றனர்.

கேரளத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. நீர் தேங்கினால் மிளகுக் கொடியின் வேர் அழுகிவிடும். ஆகவே வடிகால் அமைப்பதே முதற்பணி. சருகு மூடாக்கு, மண்ணை மழை அரித்துச் செல்லாமல் தடுக்கிறது.

ஓரிடத்தில் துளித்துளியாகச் சேர்க்கும் நீரை மற்றோரிடத்தில் வழிவிட்டு அனுப்ப வேண்டியுள்ளது. ஓரிடத்து முறையை அப்படியே மற்றோரிடத்தில் கையாண்டால் செடி வாடும். தான் நிற்கும் மண்ணை அறிந்து அதற்கேற்ப உழைப்பவனே நல்ல தோட்டக்காரன்.

மழையும் பனியும் மனிதன் கையில் இல்லை. பள்ளம் தோண்டுவதும் வடிகால் வெட்டுவதும் அவன் கையில் உள்ளன. இவ்விரண்டையும் பிரித்தறிந்தவனுக்கு விளைச்சல் குறைந்த ஆண்டிலும் மனம் தளராது. நிறைந்த ஆண்டிலும் செருக்கு வராது.