'டயர் சத்தம்தான்மா'ன்னு சொன்னா உடனே நம்பிடாதே கண்ணு!

பழைய தார் ஜீப் வாங்குறது, அதுவும் ஃபோர் வீல் டிரைவ்தான்னு நீ முடிவு பண்ணிட்டே. மழைக்காலத்துல எஸ்டேட் ரோட்டுல ஏறி இறங்குற உனக்கு அது தேவைதான். என்ஜின், ஆர்.சி., இன்சூரன்ஸ் பத்தியெல்லாம் சொல்லித் தர ஆளுங்க நிறைய இருக்காங்க. நான் சொல்லப் போறது ஓடும்போது வர்ற சத்தத்தையும் உதறலையும் பத்தி மட்டும். ஏன்னா வண்டி விக்கிறவர்கிட்ட இதுக்கு ஒரு பதில் தயாரா இருக்கும்: "டயர் சத்தம்தான்மா, டயர் மாத்தினா சரியாப் போயிடும்." சில வண்டில அது உண்மையாவே இருக்கும். சில வண்டில அந்தச் சத்தம் பேரிங்கோடதா இருக்கும், புரொப்பல்லர் ஷாஃப்ட்டோடதா இருக்கும், கிரவுன் பினியனோடதா இருக்கும். டயர்னா விலையைக் குறைச்சு வாங்கிக்கலாம். கிரவுன்னா வண்டியை விட்டுட்டு வந்துடணும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க உனக்குத் தெரிஞ்சாப் போதும்.

முதல்ல, நீ பார்க்கப் போறது ஃபோர் வீல் வண்டிதானான்னு பார்த்துக்கோ. 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்குற தாரும் விக்குறாங்க. கியர் பக்கத்துல ரெண்டாவது லீவர் இருக்கணும்.

காலைல சீக்கிரம் போ. "நான் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்கண்ணா"ன்னு முன்கூட்டியே சொல்லி வை. ரொம்ப நாள் நின்ன வண்டில டயர் தரையில பட்ட இடம் தட்டையாகி இருக்கும். கிளம்பின உடனே தடதடன்னு உதறும், டயர் சூடானதும் பல வண்டில சரியாயிடும். கொஞ்ச தூரம் ஓடியும் போகலைன்னா அந்த டயர் நிரந்தரமாக் கெட்டுடுச்சு. வண்டியை முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தா இதை நீ கண்டுபிடிக்கவே முடியாது. காத்தும் டயர் குளிர்ந்து இருக்கும்போதே பார்க்கணும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல என்ன அளவு போட்டிருக்கோ அதையே நாலுக்கும் அடிச்சுடு. காத்தைக் குறைச்சு வச்சா உதறல் கொஞ்சம் அமுங்கித் தெரியும், அதனாலதான் சொல்றேன்.

அடுத்து டயர் பக்கத்துல உட்காரு. பக்கவாட்டுல DOT-னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு எண்ணைப் பாரு. 2321-ன்னு இருந்தா 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்துல செஞ்ச டயர். நாலு டயரையும் பாரு, பின்கதவுல தொங்குற ஸ்டெப்னியையும் பாரு. ஸ்டெப்னி வண்டியோட வருஷத்துக்கே பொருந்தி, கீழே இருக்குற நாலும் போன மாசம் மாத்தினதா இருந்தா, விக்கிறதுக்காக மாத்தினாங்களான்னு கேளு. புது டயர் போட்டா பழைய டயர் காட்டியிருக்கக்கூடிய தேய்மானமெல்லாம் மறைஞ்சுடும். மாத்தின பழைய டயர் ஷெட்ல கிடந்தா அதைக் காட்டச் சொல்லு.

பட்டன் எவ்வளவு மிச்சமிருக்குன்னு எல்லாரும் பார்ப்பாங்க. சட்டப்படி 1.6 மில்லிமீட்டராவது இருக்கணும், அந்த அளவுக்குப் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு வச்சிருப்பாங்க. அது மட்டும் போதாது. உள்ளங்கையை டயர் மேல வச்சு முன்னும் பின்னுமாத் தடவு. ஒரு பக்கம் தடவும்போது வழவழன்னும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தா, அந்த டயர் ரோட்டுல ஊங்காரம் போடும். உள் ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட் போயிருக்கு. அங்கங்கே குழி குழியாத் தேஞ்சிருந்தா ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், இல்லேன்னா பாலன்சிங் பார்க்காமலே ஓட்டியிருக்காங்க. உள் ஓரத்தைப் பார்க்க ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுட்டுக் கைவிட்டுத் தடவணும். வெளியில நின்னு பார்த்தாத் தெரியாது.

இனி ஃபோர் வீலுக்குன்னே உள்ள விஷயம். இதைக் கவனமாக் கேளு. தார் மாதிரி வண்டில 4ஹெச் போட்டா முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒண்ணாப் பூட்டிக்கும். முன் டயரும் பின் டயரும் சுத்தளவுல வித்தியாசமா இருந்தா ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தப் பார்க்கும், அந்த இழுபறி முழுசையும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் வாங்கிக்கும். அதனால நாலும் ஒரே அளவு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமா இருக்கணும். 2020-ல வந்த தார்ல 16 அங்குல ரிம்முக்கு 245/75, 18 அங்குல ரிம்முக்கு 255/65 கம்பெனி அளவு. டயர் மேல எழுதினது ஒண்ணா இருந்தாலும் தேய்மானம் வேறயா இருக்கலாம். அதுக்கு ஒரு வழி இருக்கு. சமதளமான இடத்துல இடது முன் டயர்லயும் இடது பின் டயர்லயும் தரையைத் தொடுற இடத்துல சாக்பீஸ் கோடு போடு. லீவரை 2ஹெச்-ல வச்சு, கியரை நியூட்ரல் பண்ணி, ஒருத்தர் ஸ்டீயரிங்கை நேராப் பிடிக்க, நாலு பேர் மெதுவாத் தள்ளட்டும். முன் டயர் கோடு சரியாப் பத்தாவது சுத்துல தரைக்கு வரும்போது நிறுத்திப் பின் டயரைப் பாரு. பட்டன் 3 மில்லிமீட்டர் வித்தியாசமா இருந்தாலே கோடு கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளி நிக்கும். வலது பக்கமும் அதே மாதிரி.

கம்பெனி அளவைவிடப் பெரிய டயரும் லிஃப்ட் கிட்டும் போட்ட வண்டி பார்க்க எடுப்பா இருக்கும். நான் வேண்டாம்பேன். வண்டியை உயர்த்தினா புரொப்பல்லர் ஷாஃப்ட்டோட கோணம் மாறி உதறல் வரும். பெரிய டயர் போட்டா மீட்டர் காட்டுற கிலோமீட்டர் உண்மையா ஓடினதைவிடக் குறைவாத்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம் கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாத்துறதை அனுமதிக்கல, கிளெய்ம் சமயத்துல உனக்குத்தான் தலைவலி.

இப்ப வண்டியை எடு. கூட ஒருத்தரைப் பின் சீட்டுல உட்கார வை, ஓட்டுறவங்களுக்குத் தெரியாதது அங்கே தெரியும். பாட்டு, ஏ.சி. ரெண்டும் வேண்டாம். கோயம்புத்தூர்ப் பக்கம் வண்டி பார்த்தா நீலாம்பூர்லருந்து அவிநாசி போற ஆறு வழிச்சாலை இதுக்கு வசதி, வேகம் பிடிக்கலாம். வேகம் கூடக் கூட ஸ்டீயரிங் உதறுச்சுன்னா முன் டயர் பாலன்சிங் அல்லது கோணின ரிம். ஸ்டீயரிங் அமைதியா இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தா பின் சக்கரம் அல்லது ஷாஃப்ட். நின்ன இடத்துல கியரை மாத்தும்போது அடியில 'டக்'னு ஒரு அடி கேட்டா ஜாயிண்ட் கிராஸ் தேஞ்சிருக்கலாம்.

சத்தம் வருதுன்னு வை. ரோடு மாறும்போது கேளு. தார் ரோட்டுல ஒரு மாதிரி, கான்கிரீட்ல வேற மாதிரி மாறினா டயர். மண்ணுல ஓட்டுறதுக்குன்னு செஞ்ச முரட்டுப் பட்டன் டயர் நல்லா இருந்தாலுமே ஊங்காரம் போடும், அது குறையில்ல. எந்த ரோட்டுலயும் ஒரே 'கொர்ர்ர்'னு வந்தா பேரிங் மேல சந்தேகப்படு. காலியான ரோட்டுல, பின்னாடி வண்டி வரலைன்னு பார்த்துட்டு, அறுபதுல லேசா இடமும் வலமுமா வளை. இடது பக்கம் வளைக்கும்போது சத்தம் ஏறினா பாரம் விழுற வலது பக்கத்துப் பேரிங். வலது பக்கம் வளைக்கும்போது ஏறினா இடது.

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது 'ஊய்'னு வந்து, காலை எடுத்ததும் நிக்கிறதோ தொனி மாறுறதோ இருந்தா, அது டயரா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. டயருக்கு நீ மிதிக்கிறதும் விடுறதும் தெரியாது, வேகம் மட்டும்தான் தெரியும். அந்தச் சத்தம் பெரும்பாலும் கிரவுன் பினியன். இதைப் பார்க்கச் சமதளத்துல ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மிதிச்சாப் போதும். என்ஜினை மட்டும் ஓடும்போது அணைச்சுடாதே, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாயிடும்.

பிறகு ஒரு மண் தரைக்கு ஓட்டிட்டுப் போ. 4ஹெச் போட்டு மெதுவாப் போ, அடுத்து வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல 4எல் போட்டுப் பாரு. ஃபோர் வீல் போட்டதும் புதுசா ஒரு சத்தமோ அதிர்வோ கிளம்பினா முன் ஷாஃப்ட் அல்லது முன் டிஃபரன்ஷியல்ல வேலை இருக்கு. காஞ்ச தார் ரோட்டுல இதைச் செய்யவே செய்யாதே. அங்கே திருப்பினா நல்ல வண்டியும் இழுத்துப் பிடிச்சு முரண்டும், சோதனையும் தப்பாகும், கியரும் வீணாகும்.

தாருக்குப் பதிலா ஜிப்சியோ ஜிம்னியோ பார்த்தேன்னா ஒண்ணு கூடுதல். ரெண்டுக்கும் முன்னாடி ஒரே கட்டை ஆக்சில். ஒரு பள்ளத்துல ஏறி இறங்கினதும் ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் வெறிபிடிச்சு ஆடினா கிங் பின் பேரிங், டை ராடு எண்ட் எல்லாம் பார்க்கணும். வண்டி பழசா இருக்க ஸ்டீயரிங் டேம்பர் மட்டும் பளபளன்னு புதுசா இருந்தா, அது எதுக்குப் போட்டாங்கன்னு கேட்காம வராதே.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் மிச்சமிருந்தா பக்கத்துல இருக்குற பஞ்சர் கடைக்கு வண்டியை விடச் சொல்லு. முன் டயர் ரெண்டையும் பின்னாடி, பின் டயர் ரெண்டையும் முன்னாடி மாத்திப் போட்டு அதே ரோட்டுல மறுபடி ஓட்டு. சத்தமும் இடம் மாறினா டயர்தான், அண்ணன் சொன்னது சரி. இடம் மாறாம அங்கேயே இருந்தா டயர் இல்ல. டயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி, ஜாக்கில நிக்கிற அந்தச் சக்கரத்தோட மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாரு, வண்டிக்கு அடியில மட்டும் தலையைக் கொடுக்காதே. ஆடினா பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். மாத்திப் போடுற கூலியை நீயே கொடுத்துடு, அவருக்கு மறுக்கக் காரணம் இருக்காது. அப்படியும் "அதெல்லாம் எதுக்கும்மா"ன்னு அவர் இழுத்தா அட்வான்ஸ் கொடுக்காம வந்துடு. சம்மதிச்சு, சத்தம் டயரோடதுன்னே உறுதியாச்சுன்னா, நாலு டயர் விலையையும் அலைன்மென்ட் கூலியையும் டயர் கடைல முந்தின நாளே கேட்டு எழுதி வச்ச சீட்டு உன் கையில இருக்கணும். பேரம் பேசும்போது அந்தச் சீட்டை அவர் முன்னாடி வச்சு அங்கிருந்தே ஆரம்பி.