இசைவுக்குக் கெடு உண்டா?

அமெரிக்காவில் உச்ச நீதிமன்ற நீதிபதியைக் குடியரசுத் தலைவர் முன்மொழிவார். செனட் சபை இசைவளிக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. கட்சிகள் புகுந்து விளையாடுவது இந்த மௌனத்தில்தான்.

2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்கலியா காலமானார். ஒபாமா மார்ச்சு 16-ஆம் நாள் மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். செனட்டிலோ குடியரசுக் கட்சியே பெரும்பான்மை. தேர்தல் ஆண்டாயிற்றே, மக்கள் முடிவு தெரியட்டும் என்றார் அக்கட்சியின் செனட் தலைவர் மெக்கானல். கார்லண்டு தகுதியற்றவர் என்று சபை வாக்களித்துத் தள்ளவில்லை. விசாரணையே நடத்தவில்லை! 293 நாள் கிடப்பில் கிடந்து, 2017 சனவரியில் அந்த முன்மொழிவு காலாவதியாயிற்று.

2020 செப்டம்பர் 18-இல் நீதிபதி கின்ஸ்பர்க் மறைந்தபோது தேர்தலுக்கு 46 நாளே இருந்தது. டிரம்ப் முன்மொழிந்த ஏமி பாரெட்டுக்கு அக்டோபர் 26-இலேயே இசைவு கிடைத்துவிட்டது. இப்போது தலைவரும் சபையும் ஒரே கட்சி என்பது மெக்கானல் தந்த விளக்கம். வேறுபாடு மெய்தான், 2016-இல் சொன்ன காரணம் என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

பாரெட்டுக்கு ஆதரவு 52, எதிர்ப்பு 48. முன்பெல்லாம் விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும். கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு அவ்விதியை 2013-இல் தளர்த்தியது ஜனநாயகக் கட்சி. 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கும் தளர்த்தியது குடியரசுக் கட்சி.