இரும்புக் குண்டும் இரண்டு அட்டவணைகளும்

சிவாஜி பார்க்கைக் காலையில் சுற்றி நடக்கும்போது நம்மவர் யாரேனும் அருகில் வந்து, "அண்ணாச்சி, கெட்டில்பெல் வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை கிலோ எடுக்கட்டும்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நடந்துகொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே இந்தப் பாடம். நான் வைத்தியனும் அல்லன், பயில்வானும் அல்லன், பட்டுத் தெரிந்துகொண்டவன்.

கைப்பிடியோடு வார்த்த இரும்புக் குண்டுதான் கெட்டில்பெல். ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்து பயிற்சிக் கருவியானது. அந்நாட்டின் பழைய அளவான ஒரு 'பூட்' 16.38 கிலோ. இன்று கடைகளில் 16, 24, 32 என்று குண்டுகள் இருப்பது ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் கணக்கில்தான். நமக்கும் இது அந்நியமல்ல. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள், பெண்கள் உட்பட. நம் கர்லாக்கட்டையை 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தார் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கர்லா சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐம்பத்திரண்டு வயதில், ஆண்கள் எடுப்பது இதுதான் என்று கடைக்காரர் சொன்னதில் மயங்கி 24 கிலோ குண்டை வாங்கினேன். பாவெல் சட்சூலின் 2013-ல் எழுதிய நூலில் உள்ள அட்டவணையைக் காலையில் செய்தேன்: பத்துப் பத்தாக நூறு ஸ்விங், பிறகு பத்து கெட்-அப். அக்காள் மகன் கொடுத்த வேறோர் அட்டவணையை, அதாவது பிரஸ்ஸும் ஸ்குவாட்டும், மாலையில் செய்தேன். இரண்டு மடங்கு செய்தால் இரண்டு மடங்கு பலன் என்று நினைப்பு. பன்னிரண்டாம் நாள் குளியலறை வாளியைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. ஐந்து வாரம் படுக்கை. வேலைக்குப் போன நாளுக்கு மட்டும் சம்பளம் என்ற நிலையில் இருந்த நான், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மைத்துனரிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று.

அட்டவணைகள் இரண்டும் நல்லவைதாம். ஆனால் எந்த அட்டவணையும், செய்பவர் வேறு கடும்பயிற்சி எதுவும் செய்யமாட்டார் என்ற கணக்கில்தான் எழுதப்படுகிறது. இடுப்பு, கைப்பிடி, இரவுத் தூக்கம் மூன்றும் பொதுச் செலவு. காலையில் செலவழித்ததை மாலையில் திரும்பச் செலவழிக்க முடியாது. இப்போது நான் ஆறு வாரத்துக்கு ஒன்றைத்தான் முதன்மையாக வைத்துக்கொள்கிறேன். ஸ்விங் முதன்மை என்றால் திங்கள், புதன், வெள்ளி அதற்கு. செவ்வாயும் சனியும் பிரஸ், கெட்-அப். அதுவும் அட்டவணை சொல்வதில் பாதி. மற்ற நாட்களில் நடை மட்டும். கர்லா பத்து நிமிடம் தோளைச் சூடாக்க, லேசான கட்டையாக. இரண்டு அட்டவணைகளிலும் ஸ்விங் இருந்தால் ஒன்றிலிருந்து அதை அடித்துவிடுவேன்.

இனி எடை. ஸ்விங்கில் வேலை செய்வது இடுப்பு. கை வெறும் கயிறு. குண்டு அதிக கனமானால் முதுகு வளையும். மிக லேசானாலும் தவறுதான், கையே தூக்கிவிடும், இடுப்பு எதையும் கற்காது. தலைக்குமேல் தூக்கும் பிரஸ்ஸில் தோள்தான் சுமக்கிறது. அதற்கு எடை குறைய வேண்டும். உடல்நலமுள்ள ஆணுக்கு 16, பெண்ணுக்கு 8 என்று தொடங்கச் சொல்வது பொதுவழக்கம். முழங்கை நீண்டு, இடுப்பு பின்னால் சாயாமல் ஐந்து முறை பிரஸ் வந்தால் அந்த எடை உங்களுடையது. வராவிட்டால் கடையிலேயே வைத்துவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்த எடைக்குப் போவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 8-லிருந்து 12 என்றால் நாலு கிலோதானே என்று தோன்றும்; அது பாதிக்குப் பாதி கூடுதல். 20-லிருந்து 24 போவது ஐந்தில் ஒரு பங்குதான். எனவே சிறிய எடைகளில் அவசரம் கூடாது. எண்ணிக்கையைக் கூட்டி, அதே எடை சலித்த பிறகே மாற்ற வேண்டும். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு முழு வாக்கியம் மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் சற்று நில்லுங்கள்.

என் மனைவிக்கு நான் 4 கிலோ வாங்கி வந்தேன். அவள் சிரித்துவிட்டாள். "என்னங்க, தண்ணி வர்ற நேரத்துல பதினஞ்சு லிட்டர் குடத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குறேன், இது எனக்கா?" என்றாள். நியாயம்தான்; குடத்துத் தண்ணீரே பதினைந்து கிலோ. இப்போது அவள் பிரஸ்ஸுக்கு 8, ஸ்விங்குக்கு 12. குடம் தூக்கும்போதும் இடுப்பை மடக்கித்தான் தூக்குகிறாள். முன்பெல்லாம் மாலையில் தைலம் தேய்க்கச் சொல்லுவாள்.

ரத்த அழுத்தம், குடலிறக்கம், பழைய முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். சாலில் குடியிருப்பவர்கள் இரட்டைச் சாக்கின்மேல் ரப்பர் விரிப்புப் போட்டுக்கொள்ளுங்கள், குண்டைத் தரையில் போடாதீர்கள். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மேலே வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அந்த 24 கிலோ குண்டு இன்றும் கதவு அடைக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது.