பால்மரக் காட்டின் வாரிசுகள்

மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள், தாங்கள் பால் வெட்டிய இடத்தை 'வேலைக்காடு' என்றே அழைத்தனர். வரிசை பிடித்து நட்ட மரங்களைக் காடு என்று சொல்வது பொருந்துமா? ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் இரப்பர்த் தோட்டத்தைக் காட்டுக் கணக்கில்தான் சேர்க்கிறது. செம்பனைத் தோட்டத்தை விவசாயப் பயிர் என்று ஒதுக்கிவிடுகிறது. பாட்டாளிகளின் பேச்சு வழக்கு அப்படியொன்றும் பிழையன்று.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டியுள்ள சிறு பட்டணம் லூபோக் சீனா. இத்தகைய ஊர்களில் ஒரு குடும்பம் இயற்கைக் காட்டைச் சொந்தமாக வைத்திருப்பது அரிது. மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. குடும்பத்தின் பெயரில் இருப்பது பெரும்பாலும் சில ஏக்கர் பால்மரம்தான். ஆயினும், நாட்டின் இரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இத்தகைய சிறு தோட்டக்காரர்களிடமே உள்ளது.

மலாக்காவுக்கும் இரப்பருக்கும் பழைய உறவு உண்டு. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கத்துடன் இரப்பர் பயிரிட்டார். அவரை ஊக்கப்படுத்தியவர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி. மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாக வெட்ட வேண்டும். பட்டைக்கு உட்புறத்தில், தண்டை ஒட்டி, மென்மையான வளர்படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதைத் தொடாவிட்டால், வெட்டிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளரும், மறுபடியும் வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கினால் அவ்விடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். அன்று மங்கில் பால் சற்றுக் கூடுதலாக நிறையலாம். ஆனால், பின்னாளில் அங்குக் கத்தி வைக்க இடமிருக்காது. நீடித்த வன மேலாண்மை என்று நூல்கள் விரித்துரைப்பதை, நல்ல பால்வெட்டு தொழிலாளி தம் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்.

இரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பயன் தரும். பிறகு அதை வெட்டிச் சாய்ப்பார்கள். முன்பு அந்தக் கட்டை விறகாக எரிந்தது. 1980களிலிருந்து அது தளவாடப் பொருள்களுக்கு உரிய மரமாயிற்று. அறுத்தவுடன் போரான் உப்பு மருந்தேற்றாவிட்டால் பூஞ்சையும் வண்டும் அதைக் கெடுத்துவிடும். மலாக்காவை அடுத்துள்ள மூவாரின் தளவாடத் தொழில் பெரிதும் இம்மரத்தையே நம்பியுள்ளது. வெட்டிய நிலத்தில் மீண்டும் நட, 1973இல் தொடங்கப்பட்ட ரிஸ்டா என்னும் சிறு தோட்டக்காரர் மேம்பாட்டு வாரியம் உதவுகிறது. இருப்பினும், புதுக்கன்று பால் தருவதற்கு ஐந்து, ஆறு ஆண்டுகளாவது ஆகும். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெவ்வேறு ஆண்டுகளில் நட்டால், வருமானம் முற்றாக நின்றுபோகாது. ஐந்து ஏக்கர் உள்ளவருக்கு இது இயலும். ஓர் ஏக்கர் உள்ளவர் என்ன செய்வார்?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நட்டவர் இறந்ததும் நிலம் பிள்ளைகளுக்குப் போகிறது. தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் குறைவான துண்டுகளாகப் பிரிக்க முடியாது. எனவே, சிறிய நிலமாயின் ஒரே நிலப்பட்டாவில் பெயர்கள் பெருகுகின்றன. அண்ணன் ஊரில் இருக்கிறார், தங்கை கோலாலம்பூரில், தம்பி சிங்கப்பூரில். மறுநடவுக்கு எல்லாரும் இசைய வேண்டும். சில குடும்பங்களில் பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே கிடக்கிறது. மரம் முதிர்கிறது, நிரையெங்கும் புதர் மண்டுகிறது, கத்தி எடுப்பாரில்லை.

குடும்பக் காடுகளுக்குப் பெயர்பெற்ற பின்லாந்தும் இதை எதிர்கொண்டது. அங்கே காட்டு நிலத்தில் பாதிக்கு மேல் தனி மனிதர்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தம். காட்டை வெட்டியவர் அங்கே மீண்டும் காடு வளரச் செய்ய வேண்டும் என்பது சட்டம். வாரிசுகள் பெருகி நிலம் துண்டாகாமலிருக்க, பலர் தங்கள் காடுகளை ஒன்றாக்கிக் கூட்டுக் காடு அமைக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் இருப்பது பங்கு, காடு ஒன்றே. பிள்ளைகளிடையே பிரிவது அந்தப் பங்குதான்.

இதற்குப் பின்லாந்து வரை போக வேண்டியதுகூட இல்லை. மலாயா விடுதலை பெற்ற 1957ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்ற சொல் அன்று தமிழ்க் குடும்பங்களை நடுங்க வைத்தது. வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் போயின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். அவர்கள் மாதம் 10 வெள்ளி என்று சிறுகச் சிறுகக் கட்டிப் பங்குதாரர் ஆயினர். அந்தக் காலத்தில் ஒரு பால்வெட்டு தொழிலாளிக்கு 10 வெள்ளி சிறு தொகையன்று. மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. உறுப்பினர் இறந்தால் அவருடைய பங்கு வாரிசுக்குப் போகும். அதற்காகத் தோட்டத்தைக் கூறுபோட வேண்டியதில்லை.

தனித்தனிப் பட்டா வைத்திருக்கும் லூபோக் சீனாக் குடும்பங்களும் இதிலிருந்து ஒன்றைக் கைக்கொள்ளலாம். உரிமையைப் பங்காகப் பிரித்துக்கொண்டு, பராமரிப்பை மட்டும் ஒருவரிடமே ஒப்படைக்கலாம். யார் நடுவது, யார் வெட்டுவது, பால் விற்ற பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை உயில் எழுதும்போதே பேசி முடிப்பது எளிது. பட்டா இன்னும் தாத்தாவின் பெயரில் இருக்குமானால், சிறு சொத்துகளைப் பகிர்வதற்கென்றே 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. அதன்கீழ் முதலில் மனுச் செய்ய வேண்டும். மறுநடவுக் கன்றுகளைப் பற்றிய பேச்சு அதற்கு அடுத்ததுதான்.