குடலில் வாழும் நுண்ணுயிர்களும் உடற்பருமனும்

பசு வைக்கோலைத் தின்று பால் தருகின்றது. மனிதன் வைக்கோலைத் தின்றால் ஒரு பயனும் இல்லை. பசுவின் வயிற்றின் முதற் பகுதியில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவையே வைக்கோலைப் புளிக்கச் செய்து, பசுவின் உடல் ஏற்கத்தக்க அமிலங்களாக மாற்றித் தருகின்றன. கால்நடை வளர்ப்போர் யாவரும் அறிந்த இவ்வுண்மைக்கு இணையானதொன்று மனித உடலிலும் உண்டு என்பதும், உடல் பருப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதும் அண்மைக் கால ஆராய்ச்சியால் தெளிவாகியுள்ளன.

உடற்பருமன் நகரத்துச் செல்வருக்கே உரிய நோய் என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். இதன் பின்னே நீரிழிவும் இரத்த அழுத்தமும் வருகின்றன. உழைத்து ஈட்டும் பொருள் மருந்துக்கே செலவாகின்றது. ஆகவே இதனை ஊராட்சியின் கவலைகளுள் ஒன்றாகவே நாம் கொள்ளுதல் வேண்டும்.

குடலில் நிகழ்வது யாது?

ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்று 2016இல் அறிஞர்கள் கணக்கிட்டனர். அவற்றுள் மிகப் பெரும் பகுதி பெருங்குடலில் வாழ்கின்றது. நாம் உண்ணும் மாவுச்சத்தும் சர்க்கரையும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு விடுகின்றன. செரியாமல் கீழிறங்கும் நார்ச்சத்தே பெருங்குடலில் வாழும் உயிர்களுக்கு உணவாகின்றது. அவை அதனைப் புளிக்கச் செய்து, சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்றாகிய பியூட்டிரிக் அமிலம் குடற்சுவருக்கு ஊட்டம் அளிக்கின்றது. பசி அடங்கியது என்று மூளைக்கு அறிவிக்கும் சுரப்புநீர்கள் வெளிப்படவும் இவ்வமிலங்கள் துணை செய்கின்றன.

எலிகள் கற்பித்த பாடம்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2013இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஒருத்தி பருத்தும் மற்றொருத்தி மெலிந்தும் இருந்த நான்கு இரட்டைச் சகோதரிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். பிறந்தது முதல் எந்த நுண்ணுயிரும் அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில், அப்பெண்களின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களைச் செலுத்தினர். எல்லா எலிகளுக்கும் ஒரே உணவே அளிக்கப்பட்டது. எனினும், பருத்த சகோதரியின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளின் உடலில் கொழுப்பு மிகுந்தது. மெலிந்தவளின் நுண்ணுயிர்களைப் பெற்றவற்றில் அவ்வாறு மிகவில்லை.

அடுத்து, இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டனர். எலிகள் ஒன்றன் புழுக்கையை மற்றொன்று தின்னும் இயல்புடையவை. ஆதலின் மெலிந்த எலிகளின் நுண்ணுயிர்கள் பருக்கவிருந்த எலிகளின் குடலிலும் குடியேறின. அவை பருப்பதும் தடைப்பட்டது. ஆயினும் இந்நன்மை நார்ச்சத்து மிகுந்து கொழுப்புக் குறைந்த உணவை உண்டபோதே கிட்டியது. கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த உணவை அளித்தபோது, நல்ல நுண்ணுயிர்கள் குடியேறவே இல்லை. நல்ல விதையாயினும் பண்படாத நிலத்தில் முளைக்குமோ? குடலாகிய நிலத்தைப் பண்படுத்துவது உணவேயாகும்.

2016இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் மற்றொன்றும் கண்டனர். நார்ச்சத்துக் குறைந்த உணவை எலிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக அளித்து வந்தபோது, நுண்ணுயிர் வகைகள் சில ஒவ்வொரு தலைமுறையிலும் குறைந்துகொண்டே வந்தன. நான்கு தலைமுறைகளுக்குப் பின் நார்ச்சத்தை மீண்டும் அளித்தும், இழந்த வகைகளுட் பல திரும்பவில்லை. விதை நெல்லைத் தொலைத்த உழவனின் நிலை இதுவே.

எல்லை அறிந்து கொள்க

எலிக்கு நிகழ்ந்தது மனிதருக்கும் அப்படியே நிகழும் என்று நாம் முடிவு கட்டலாகாது. மெலிந்தவர்களின் குடல் நுண்ணுயிர்களை உடல் பருத்தவர்களுக்குச் செலுத்திய ஆய்வொன்று நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியாயிற்று. உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் சில வாரங்களில் மேம்பட்டது, எடை குறையவில்லை. ஆகவே, நல்ல பாக்டீரியா அடங்கியது என்று விற்கப்படும் மாத்திரையை வாங்கி உண்டால் உடல் இளைக்கும் என்று நம்பிப் பொருளை இழத்தல் வேண்டா. தேவைக்கு மிஞ்சிய உணவு, குறைந்த உழைப்பு, பரம்பரை ஆகியவையும் பருமனுக்குக் காரணங்களே. ஏரும் ஏற்றமும் போய் இயந்திரங்கள் வந்த பின்னரும், நம் தட்டில் சோற்றின் அளவு குறையவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

செய்யத்தக்கவை

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியபடி, வளர்ந்தோர் நாள்தோறும் 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து உண்ணுதல் வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, தீட்டிய அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழ 11 கிராம். தோல் நீக்காத பாசிப்பயற்றில் ஏறத்தாழ 17 கிராம்.

ஆகவே ஒரு வேளைச் சோற்றுக்கு மாற்றாகச் சிறுதானியத்தைக் கொள்க. சோற்றையும் உண்டு, அதன்மேல் களியையும் உண்பதால் பயனில்லை. நீரிழிவு உடையோர் களியையும் அளவோடே உண்ணுதல் வேண்டும். பயறு, கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு ஆகியவை நாள்தோறும் இலையில் இடம் பெறுக. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும்; சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருகுக.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் வாங்கி உண்ணலாகாது. அவை நோய்க்கிருமியுடன் குடலில் வாழும் நல்லுயிர்களையும் அழிக்கின்றன.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் செய்யத்தக்க பணியும் உண்டு. நீர் வழிந்தோடும் பொது இடங்களில் முருங்கையும் வாழையும் நடலாம். சத்துணவுக் கூடத்தை அடுத்துக் கீரைப் பாத்தி அமைக்கலாம். இம்முயற்சிகளைக் கிராம சபையில் பேசி முடிவு செய்தல் நலம்.

மண்ணில் வாழும் உயிர்களுக்குத் தொழுவுரமும் தழையுரமும் இட்டு விளைச்சலைக் காப்பவர்கள் நம் உழவர்கள். அதே கருத்தோடு தம் வீட்டு மக்களின் உணவையும் அவர்கள் நோக்குவார்களாயின், நோய்க்குச் செலவிடும் பொருள் பிள்ளைகளின் கல்விக்கு மிஞ்சும் என்பதில் ஐயமில்லை.