கடலின் நீரோட்டமும் மீன் எனும் ரிஸ்கும் (ஜும்ஆ பயான்)

 

திட்டக்குடியில் கடல் இல்லை. கடலைப் பற்றி இங்கே எதற்கு பயான் என்று யாராவது நினைக்கலாம். நம் வெள்ளாறு எங்கே போய்ச் சேர்கிறது? பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி கடந்து, மஹ்மூத் பந்தர் என்று அழைக்கப்பட்ட பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. நம் ஊர் ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் பை, வெள்ளம் வந்தால் அங்கேதான் போய் நிற்கும்.

ஃபாத்திர் அத்தியாயத்தின் 12-ஆம் வசனத்தில் அல்லாஹ் இனிய நீரையும் உப்பு நீரையும் பிரித்துச் சொல்லிவிட்டு, இரண்டிலிருந்தும் நாம் புதிய இறைச்சி உண்பதை நினைவூட்டுகிறான். அந்த இரண்டும் சந்திக்கும் இடம்தான் முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் ஓதம் ஏறும்போது முகத்துவாரத்துக்குள் வந்து, உப்பனாற்றிலும் பிச்சாவரத்துச் சுரபுன்னை வேர்களுக்கிடையிலும் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. இவற்றையெல்லாம் ஆராயும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இனி நீரோட்டம். கடல் தேங்கி நிற்கும் குளமல்ல. நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் வடக்கு நோக்கி ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். சோழமண்டலக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். அதை அறியாமல் வலை விட்டால், வலை ஒரு பக்கமும் மீன் ஒரு பக்கமும் போகும்.

மீன் எங்கே கூடும்? உணவு இருக்கும் இடத்தில். உயிர்ச்சத்து ஆழத்தில் தங்குகிறது, வெளிச்சமோ மேலே இருக்கிறது. காற்று மேல்நீரைத் தள்ளும்போது அடியிலுள்ள குளிர்நீர் மேலேறினால், நுண்ணிய பாசி பெருகும். மீன் கூட்டமும் வந்துவிடும். கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது இப்படி நடப்பதால்தான் அங்கே மத்தி குவிகிறது. வங்கக் கடல் வேறு மாதிரி. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் லேசானது. அது மூடிபோல் மேலே பரவி, அடிநீர் மேலேறுவதைத் தடுக்கிறது. ஆகவே அரபிக் கடல் அளவுக்கு நம் கடல் விளைவதில்லை. குறைவாகக் கொடுக்கப்பட்டவன் கணக்காகச் செலவழிக்க வேண்டாமா?

தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக்குக் கணக்கே இல்லாமல் கொடுக்கப்பட்டிருந்தது. 1970-இல் ஒரே இன மீனை 1 கோடி டன்னுக்கும் மேல் பிடித்தார்கள். 1972-இல் எல் நினோ வந்து குளிர்நீர் மேலேறுவது தளர்ந்தது. மிதமிஞ்சிப் பிடித்ததும் சேர்ந்துகொள்ள, அந்தத் தொழிலே சரிந்தது.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்திற்காக விசைப்படகுகளுக்குத் தடை. மீன் கூடும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் பார்த்துச் சொல்லும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம்கூட அந்நாட்களில் தகவல் தருவதில்லை. சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000-இல் தடை செய்தது. அதற்காக நம் கடலூர் மாவட்டக் கரையில் மீனவ கிராமங்களே இரண்டு பட்டு நின்றன. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் 2 நாள் மட்டும் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி தந்தது.

அரசாங்கத் தடை வேறு, அல்லாஹ்வின் தடை வேறு. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனாலும் அஃராஃப் அத்தியாயத்தின் 163-ஆம் வசனத்திலிருந்து வரும் கடலோர ஊரை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை மீன்பிடிக்கக் கூடாது. அன்றுதான் மீன் நீர்மட்டத்தில் துள்ளும். வெள்ளிக்கிழமையே வலையும் பள்ளமும் தயார் செய்து, ஞாயிறன்று அள்ளினார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். அந்த ஊரில் மூன்று கூட்டம் இருந்தது. மீறியவர்கள் பிடிக்கப்பட்டார்கள், தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். தடுத்தவர்களைப் பார்த்து 'உங்களுக்கு ஏன் இந்த வேலை' என்ற தொனியில் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்களின் முடிவு? வசனம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அறிஞர்கள் அதில் கருத்து வேறுபட்டார்கள்.

வலையே பிடிக்காத நாம் எந்தக் கூட்டம்? வாங்குகிறவன் இருப்பதால்தான் குஞ்சு மீன் கரைக்கு வருகிறது. மனிதன் வாங்காததும் தீவன ஆலைக்குப் போய்க் கோழிக்குத் தீனியாகிறது. கடல் மீன் ஹலால், அதில் பேச்சில்லை. நெத்திலி வளர்ந்தாலே அவ்வளவுதான், தாராளமாக வாங்குங்கள். வஞ்சிரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகே முட்டையிடும். கையளவு வஞ்சிரக் குஞ்சு மலிவாகக் கிடைத்தால், இது வேண்டாம் என்று கடைக்காரரிடம் சத்தமாகவே சொல்லிவிட்டு வாருங்கள்.