ஆங்கிலத்திற் சிறப்புப்பெயரும் சுட்டும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர், சிறப்புப்பெயரோடு 'த' என்னும் சுட்டை எங்கே சேர்ப்பது, எங்கே விலக்குவது என இடர்ப்படுதல் கண்கூடு. இலக்கண நூல்கள் ஆறு, மலை, கடல், நாடு என நீண்ட அட்டவணை தருகின்றன. அதனை நெட்டுருப் பண்ணுதலினும் அதன் அடிப்படையை உணர்தலே நன்று என்பது எம் துணிபு.

கேட்போன் இன்னதென அறியத்தக்க ஒன்றைப் பலவற்றினின்றும் பிரித்துக் காட்டுவது சுட்டு. இலண்டன், இலங்கை, ஷேக்ஸ்பியர் என்பன தாமே ஒன்றனைக் குறித்தலின் அவற்றிற்குச் சுட்டு வேண்டா. 'த யுனைற்றெட் கிங்டம்' என்பதிலோ 'கிங்டம்' பொதுப்பெயர். ஆதலின் சுட்டு வந்தது. 'த தேம்ஸ்', 'த மகாவலி' என்பவற்றில் ஆறு என்னும் பொதுப்பெயர் தொக்கு நின்றதெனக் கொள்க. தனிமலையாகிய எவரெஸ்ற் சுட்டுப் பெறாது. மலைத்தொடராகிய இமயம் பன்மையாய் நின்று சுட்டுப் பெறும். 'ஒக்ஸ்போட் யூனிவேசிற்றி' எனின் சுட்டில்லை. 'த யூனிவேசிற்றி ஒவ் ஒக்ஸ்போட்' எனின் உண்டு. அவ்வாறே 'ஜவ்னா இந்து கொலிஜ்' என்னும் பெயர் சுட்டின்றி வரும். அடுத்த வாக்கியத்தில் அதனையே 'த கொலிஜ்' என்போம்.

'ஏ' என்னும் சொல்லும் சிறப்புப்பெயரோடு வருதல் உண்டு. 'ஏ மிஸ்ரர் ஸ்மித்' என்றால், முன்பின் அறியாத சிமித் என்றொருவர் என்பது பொருள். 'கந்தையர் என்றொருவர் வந்தார்' என நாம் சொல்வதும் இதுவே. 'ஏ ஷேக்ஸ்பியர்' என்பது அவரை நிகர்த்த புலவனைக் குறிக்கும். 'இவர் ஒரு கம்பர்' என்னும் நம் வழக்கை ஒப்புநோக்குக. எனவே, இந்நுட்பம் தமிழர்க்குப் புதியதன்று.

இச்சிறு சொல்லால் ஒரு நாட்டின் மதிப்பும் வேறுபடும். 1991 இல் உக்கிரேன் தனிநாடாகும்வரை ஆங்கில நூலோர் அதனைப் பெரும்பாலும் சுட்டுச் சேர்த்தே எழுதினர். அது தம் நாட்டைப் பிறிதொரு நாட்டின் பகுதிபோலக் காட்டுமென அந்நாட்டார் கருதினர். இன்று சுட்டின்றி எழுதுதலே முறை. ஆற்றின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட காம்பியாவோ 1965 இல் விடுதலை பெற்ற பின்னும் சுட்டைக் கைவிடாது பேணிவருகின்றது.

மரபு பற்றி வருவனவும் சில உள. 'த ஹேக்' என்னும் நகர்க்கு ஒல்லாந்த மொழிப் பெயரிலேயே சுட்டு உண்டு; ஆங்கிலம் அதனைத் தழுவிற்று. இத்தகையவற்றை நல்லோர் நூல்களைப் பயின்றே அறிதல் வேண்டும்.

ஏனையவற்றிற்கு மாணாக்கர் ஒரு வினாவை எழுப்புக: இப்பெயர் தானே ஒன்றனைக் காட்டுகின்றதா, அன்றி உள்ளே பொதுப்பெயரொன்று நின்று சுட்டை வேண்டுகின்றதா? இவ்வினாவோடு எழுதப் பழகுவார் அட்டவணையை நம்பியிருக்க வேண்டிய நிலை பெரிதும் குறையும்.